என் இடத்தைப் பிடிச்சு வையுங்க டீச்சர்

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. உட்காரவும் முடியாது. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பேன். பாதி வழியில் இருக்கும்போது பஸ் என்னைத் தாண்டிப் போகும். தேர்வு ஹாலில் பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் நான் பத்துத் தடவை சுற்றி வந்து, "டீச்சர், தலை சுத்துது, கொஞ்சம் இருங்க" என்று பிள்ளைகளே கெஞ்சியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று பெயர். மற்றவர்களுக்கு அது வரும், போகும். எனக்கு வந்தது, போகவில்லை. "உன்னைக் கொண்டு ஆரல்வாய்மொழி காத்தாலைக்கு நடுவுல நட்டா ரெண்டு தெருவுக்குக் கரண்டு எடுக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர் ஸ்டீபன்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஒரே வரிசையில் நின்றேன். மதுக்கடை வரிசையில். கையில் குடை. காலடியில் எவனோ ஒருவனுடைய செருப்பு. (சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் திருச்சபையில் எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று.)

கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் அடங்கிவந்த நேரம் அது. ஸ்டீபன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவில் வந்தவர் விமானம் நின்றுபோனதால் வீட்டோடு மாட்டிக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்தது அப்போதுதான். மரச்சீனிக் கிழங்கு நட்டார். மகள் ஷைனிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒழுகுகிற குழாய், ஆடுகிற கட்டில், திறக்காத ஜன்னல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, சரியாக இருந்த மிக்ஸியையும் கழற்றிப் பரப்பினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பலாப்பழத்தை மதிலுக்கு மேலே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கூப்பிடுவார்கள். நான் அதை சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவேன். (ஆமாம், பலாப்பழத்தை. முள் முள்ளாக, பல் தேய்க்கிற பிரஷ் போட்டு.) அடுப்பில் கபசுரக் குடிநீர் கொதிக்கும், சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்துவைத்து எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவேன், பின்னால் ஸ்டீபன் லுங்கியோடு குறுக்கே நடப்பார், "டீச்சர், அங்கிள் போறாங்க" என்று முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் அறிவிப்பார்கள்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. இரண்டு ஊசி போட்டு, இரண்டாவது போட்டுப் பதினான்கு நாள் ஆனவர்கள் மட்டும் வரலாம். விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

எனக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியை என்பதால் முன்னுரிமை. ஓட்டுச்சாவடி முடிந்தது, பள்ளிக்கூடம் மூடியது. அதன்பிறகு நான் எங்கள் வீட்டுக் கிணற்றங்கரையைத் தாண்டி எங்கும் போகவில்லை. கடல் தாண்டிப் போகவேண்டிய மனுசனுக்கு ஒரு ஊசிதான் ஆகியிருந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டாவது ஊசியைச் சீக்கிரம் போடலாம் என்று உத்தரவு வந்திருந்தது. உத்தரவு வந்தது, ஊசி வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு தினமும் போன் செய்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மனசு கேட்காமல் இடையில் ஒன்று. அங்கே இருந்த நர்ஸ் சிஸ்டரின் மகன் என்னிடம் படித்தவன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் என் நம்பரை பிளாக் செய்யவில்லை என்று பிறகு சொன்னார்.

நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரு திங்கட்கிழமைதான் கடைசி. அன்றைக்கு ஊசி போட்டால் பிளேன் ஏறலாம். மறுநாள் போட்டால் ஏற முடியாது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சிஸ்டரே கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு குப்பி வந்திருக்கு. சாரைக் கூட்டிட்டு உடனே வாங்க."

உடனே என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீபனை எச்சில் கையோடு எழுப்பி, மாஸ்க்கை மாட்டி (முதலில் தலைகீழாக), எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தாசண்ணனைக் கூப்பிட்டு, மழையில் போய் இறங்கினோம். சுகாதார நிலையத்தில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முந்தின வாரம் வரை மதிலேறிக் குதித்த கூட்டத்தைக் காணோம்.

"சாரையும் சேத்து ஏழு பேருதான் டீச்சர்" என்றார் சிஸ்டர். "ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. பத்துப் பேரு ஆகாம நான் திறக்க மாட்டேன். திறந்தா தீத்திரணும். ஊரெல்லாம் ஊசி இல்லாம கெடக்கும்ப மிச்சத்தை நான் எங்க கொண்டு ஊத்த?"

"போன வாரம் வரைக்கும் அடிச்சுக்கிட்டாவளே சிஸ்டர், இண்ணைக்கு என்ன ஆச்சு?"

"இண்ணைக்குக் கடை திறந்திருக்காவல்லா."

ஊரடங்கில் மூடிக்கிடந்த மதுக்கடைகளை அன்றைக்குத்தான் திறந்திருந்தார்கள். ஊசி போட்டால் பதினைந்து நாள் குடிக்கக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டிருந்தான். ஊர் ஆண்களுக்கு முன்னால் இரண்டு வரிசைகள். அவர்கள் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெண்களில் பெரும்பாலானோர் முந்தின முகாமிலேயே போட்டிருந்தார்கள்.

"நாலு மணிக்கு மருந்துப் பெட்டியை எடுக்க வண்டி வரும். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சிஸ்டர் முடித்துக்கொண்டார்.

ஸ்டீபன் போய் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "இரு ராணி. வருவாவ."

இருப்பதாவது! யார் வருவார்கள்? எங்கிருந்து வருவார்கள்? எனக்கு உள்ளங்காலில் அரிப்பு எடுத்துவிட்டது. "நீங்க இருங்க, நான் மூணு பேரைக் கொண்டு வாறேன்" என்று குடையை விரித்தேன். வாசலில் பலாமரத்தடியில் மீன் சட்டியோடு உட்கார்ந்திருந்த லூர்து அக்கா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள். எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள்.

"டீச்சர், நல்ல சாளை கெடக்கு. எடுக்கியளா?"

"மீன் வாங்குகதுக்கு உள்ள நேரமாக்கா இது!" என்று கத்திவிட்டு அவளைத் தாண்டி ஓடினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் ஏறினேன். ஏறியதும் முதல் இரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

"தாசண்ணே, நீங்க ஊசி போட்டாச்சா?"

"எனக்கு எதுக்கு டீச்சர்? நான் காத்தாட வண்டி ஓட்டுகவன்."

"உங்க மகனுக்கு நான் கணக்கு சொல்லித் தந்தேனா இல்லியா?"

"தந்திய. அவன் கணக்குல தோத்துப் போனான்."

"நான் இல்லண்ணா எல்லாத்துலயும் தோத்திருப்பான்."

தாசண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, "செரி, கடைசியா போட்டுக்கிடுகேன்" என்றார். எட்டு.

மீதி இரண்டுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தையல்கடைக்காரர் கதவின் பாதியை மட்டும் திறந்து, "உங்க வீட்டுக்காரர் வெளிநாடு போறதுக்கு என் கையில எதுக்கு ஊசி?" என்று கேட்டார். (நியாயமான கேள்வி. எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.) எங்கள் ஜெபக்குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா தன் நம்பிக்கை வேறொருவர் மேல் இருப்பதாக வானத்தைக் காட்டினாள். ரப்பர் ஷீட் கடையில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றதும் பாய்ந்து ஆட்டோவில் ஏறினேன். மணி ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்ட பாடில்லை.

"ஊசி போடாத ஆம்பிளைக எல்லாம் எங்கதான் போய் ஒளிஞ்சிருக்காவ?" என்று புலம்பினேன்.

தாசண்ணன் வண்டியை மெதுவாக்கினார். "நான் ஒரு இடம் சொல்லுவேன். டீச்சர் கோவிக்கப்பிடாது."

நான் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் நான். அதற்கு முந்தின மாதம்தான் போன் வழியாக நடந்த கூட்டத்தில் மதுவின் தீமை பற்றி முக்கால் மணிநேரம் பேசியிருந்தேன். கேட்டவர்களில் பலர் அழுதார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. (வீடியோவை அணைத்துவைத்திருந்ததால் தூங்கினார்களா அழுதார்களா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.)

"விடுங்க வண்டியை" என்றேன்.

மதுக்கடைக்கு முன்னால் சவுக்குக் கம்பு கட்டி, ஓர் ஆள் மட்டும் போகிற மாதிரி நீளமாக வேலி அடைத்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் ஆள். மழையில் சுண்ணாம்பு கரைந்தாலும் ஒருவரும் வட்டத்தை விட்டு அசையவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில்கூட நான் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வரிசை ஒரு குலுக்கு குலுங்கியது. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருவன் மாஸ்க்கைக் கண்வரை ஏற்றினான். இன்னொருவன் குனிந்து இல்லாத எதையோ தேடினான். ஒருவன் பழக்கதோஷத்தில் "குட் மார்னிங் டீச்சர்" என்றான். மணி மூன்றுக்கு மேல்.

"யாரு யாரு ஊசி போடல்ல? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. நடுவில் பினு நின்றான். பெயின்டர். ஏழாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு சொல்லமுடியாமல் நின்ற அதே முகம். அவன் பின்னால் அவன் கூட்டாளி சுனில்.

"பினு, நீ போட்டியா?"

"இல்ல டீச்சர்..."

"வெளிய வா. சுனில், நீயும். பத்து நிமிசம். ஆட்டோ இருக்கு."

"டீச்சர், விடிய வந்து பிடிச்ச இடம் டீச்சர்." பினுவின் குரல் உண்மையிலேயே கலங்கியது. "விட்டுட்டுப் போனா ஆளுக உள்ள கேறிருவானுவ. பொறவு பின்னால போய் நிக்கணும். அதுக்குள்ள கடையை அடைச்சிருவாவ."

நான் என் கதையைச் சொன்னேன். விசா, பதினான்கு நாள், நாலு மணி, பெட்டி. சொல்லும்போது அழுதேவிட்டேன். பினு வேலியைப் பார்த்தான். கடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சங்கடம் வாய்ப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்திருக்கும். கடைசியில் சொன்னான்:

"ஒண்ணு செய்யலாம். என் இடத்தைப் பிடிச்சு வையுங்க டீச்சர், நான் போயிட்டு வாறேன்."

பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். கம்புக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்து பினுவின் வட்டத்தில் நின்றேன். சுனில் தன் செருப்புகளைக் கழற்றி அவன் வட்டத்தில் வைத்தான். "டீச்சர், வரிசை நீங்கும்ப இதையும் ஒரு தள்ளு தள்ளிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறினான். ஒன்பது, பத்து. ஆட்டோ மழைக்குள் மறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்கவேண்டிய நேரம்வரை நீடித்தது.

ஊசி போட்டவர்களை அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். இரண்டு தடவை ஊசி போட்டு இரண்டு தடவையும் உட்கார முடியாமல் சிஸ்டரிடம் திட்டு வாங்கிய எனக்கு இது நினைவுக்கு வந்தது பினுவின் வட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான். பினு வரமாட்டான். சுனில் வரமாட்டான். ஆட்டோ ஓட்டவேண்டிய தாசண்ணனும் வரமாட்டார். அவரும் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். என்னே என் திட்டம்!

ஸ்டீபனுக்கு போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். குப்பி திறந்தார்களா? போட்டார்களா? யாராவது நடுவில் போய்விட்டார்களா? ஒன்றும் தெரியாது. கால் இரண்டும் ஓடு ஓடு என்கிறது. இரண்டு பக்கமும் வேலி. பின்னால் நிற்பவர் மரியாதையாக, "டீச்சர், முன்னால நீங்கியாச்சு" என்கிறார். நகர்ந்தேன். சுனிலின் செருப்பையும் காலால் நகர்த்தினேன். வலது செருப்பு ஒழுங்காக வந்தது. இடது செருப்பு ஒவ்வொரு தடவையும் கவிழ்ந்தது.

குடை முகத்தை மறைத்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குடை எங்கள் பள்ளிக்கூட விழாவுக்கு அடித்தது. பளீரென்ற ஆரஞ்சு நிறம், சுற்றிலும் பள்ளியின் பெயர். ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூட இன்ன பள்ளிக்கூடத்து டீச்சர் மதுக்கடையில் நிற்கிறாள் என்று தெளிவாக வாசிக்கலாம். ஒரு பையன் பைக்கை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "அம்மா, லேடீஸ் தனியா நிக்கலாம். முன்னால வாங்க, சீக்கிரம் வாங்கிட்டுப் போங்க."

"நான் வாங்க வரல்ல சார். இடம் பிடிச்சு நிக்கேன்."

"யாருக்கு?"

"பினுவுக்கு. இந்தச் செருப்பு சுனிலுக்கு."

அவர் செருப்பை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் எனக்கு முன்னால் ஆளே இல்லை. கம்பிவலை. அதற்குப் பின்னால் ஒரு முகம்.

"என்ன வேணும்?"

கணக்கில் எம்.எஸ்சி. வாங்கியவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் விடியற்காலையிலிருந்து நின்றவன் எனக்காக இடத்தை விட்டுப் போயிருக்கிறான். வந்து கேட்டால் என்ன சொல்வது?

"பினுவுக்கு வேணும்" என்றேன்.

"எந்த பினு?"

என் பின்னால் வரிசை விழித்துக்கொண்டது. இத்தனை நேரம் முகத்தை மறைத்தவர்கள் எல்லாம் ஆலோசனை சொல்ல வந்துவிட்டார்கள். "டீச்சர், அவன் பிராந்திதான்." "அந்த மஞ்ச லேபிளைக் கேளுங்க டீச்சர்." "மஞ்ச வேண்டாம், அவனுக்கு அது தலைவலி, பக்கத்துல உள்ளது." "லே, டீச்சருக்குத் தெரியுமாலே இதெல்லாம்? நீ எடுத்துச் சொல்லு." என் வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளைகள் அன்றைக்கு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். மஞ்சள் லேபிள் வந்தது. செருப்புக்கும் ஒன்று கேட்டேன். செருப்புக்குத் தரமாட்டேன் என்று அந்த முகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

குப்பியைக் கைப்பைக்குள் திணித்தேன். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு கையில் ஆரஞ்சுக் குடை, இன்னொரு கையில் சுனிலின் செருப்பு. அப்படியே வேலிக்கு வெளியே வந்து நிமிர்ந்தால், எதிரே ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றி எங்கள் சபைப் போதகர்.

"டீச்சர்..." என்றார். கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கழுத்தைப் பார்த்தார். பிறகு, "ஸ்டீபன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"அவரு ஊசி போடப் போயிருக்காரு ஐயா. அதனாலதான் நான் இங்க வந்து நிக்கேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அவ்வளவு பச்சைப் பொய்யாக ஒலித்த உண்மையை நான் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. போதகர் தலையை ஆட்டினார். "ஜெபிச்சுக்கிடுகேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போனார். (ஜெபித்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில், "கணவர் பிரிந்துபோகும் வேளையில் தவறான ஆறுதல் தேடும் சகோதரிகளுக்காக". பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. போட்டோ அதற்குள் எல்லா போனிலும் இருந்தது.)

தாசண்ணன் மட்டும் சிஸ்டரிடம் கெஞ்சி, அரைமணி முடியுமுன்பே ஒருவழியாக வந்து சேர்ந்தார். "குப்பி திறந்தாச்சு டீச்சர். சாருக்குப் போட்டாச்சு" என்றார். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, கைப்பையைக் கட்டிக்கொண்டு, ஓவென்று அழுதேன். போனது போகட்டும், மானம்தானே. காரியம் நடந்துவிட்டது.

சுகாதார நிலையத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பினு, சுனில், மற்றவர்கள். ஸ்டீபன் பக்கத்தில், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு லூர்து அக்கா.

"அக்கா, நீங்க எப்பிடி இங்க?"

"தம்பி வந்து கூப்பிட்டாவ. வந்தேன்."

சிஸ்டர் விவரம் சொன்னார். முதலில் இருந்த ஏழு பேரில் ஒரு பெரியவர் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். நான் அனுப்பிய மூன்று பேரோடு கணக்குப் பார்த்தால் ஒன்பது. பெட்டி எடுக்கிற வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. அப்போது ஸ்டீபன் எழுந்து, வாசல்வரை நடந்து, லூர்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். அக்காவின் ஆதார் அட்டை மீன் சட்டிக்கு அடியிலேயே பாலித்தீன் உறைக்குள் தயாராக இருந்ததாம்.

"ஏன்க்கா, நான் உங்க முன்னாலதானே ஓடினேன்? ஊசி போடல்லண்ணு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நீங்க எங்க டீச்சர் கேட்டிய? சாளை வேணுமாண்ணு நான்தானே கேட்டேன்."

பினுவிடம் குப்பியை நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "ஐயோ, டீச்சர் வாங்கித் தந்ததை நான் எப்பிடி டீச்சர் குடிக்க?" என்றான். சுனில் செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

நான் ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பொங்கி வந்தது. "லூர்து அக்கா போடல்லண்ணு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வந்து இருந்தப்பவே. அவதான் சொன்னா, பயமா இருக்கு தம்பிண்ணு."

"பின்னே அப்பவே ஏன் கூப்பிடல்ல? நான் மழையில நாயா பேயா அலைஞ்சேனே! போனையாவது எடுத்திருக்கலாம்லா?"

அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி ஆகட்டும்ணு இருந்தேன் ராணி."

எனக்குப் புரியவில்லை. புரிய விடாமல் என் வாய் அடுத்த கேள்விக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவரே சொன்னார்.

"போகண்டாமெண்ணு தோணிச்சு. நானா சொன்னா அது வேற. குப்பி திறக்கல்ல, போக முடியல்லண்ணா யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்லா. பிள்ளையோட சைக்கிள், மரச்சீனி... அப்பிடியே இருந்துரலாமெண்ணு." மாஸ்க்கின் கயிற்றை இழுத்துவிட்டார். "அப்ப பினு வந்து சொன்னான், நீ கடை வரிசையில நிக்கேண்ணு. பஸ்ஸுக்கு நிக்காதவ, எனக்காக அங்க போய் நிக்குகா. அதுக்குப் பொறவும் நான் பெஞ்சுல இருந்தா மனுசனா?"

நான் அவர் கையைப் பிடித்தேன். ஊசி போட்ட கை. அவர் வலியில் நெளிந்தார், நான் விடவில்லை. அவர் போகவேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பைத் தலையில் வந்து உட்கார விடக்கூடாது என்றுதான் அத்தனை நாளும் ஓடியிருக்கிறேன் போலிருக்கிறது. வாசலில் மீன்காரியைக் கேட்காதது மாதிரியே வீட்டில் இருந்தவரையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகணுமா என்று கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சம்பளத்தில் பாதி கட்டி நிற்கிற எங்கள் வீட்டு மாடி அப்படியே நின்றிருக்கும். அவர் வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருப்பார். கேட்காமல் விட்ட அந்த வார்த்தை எனக்கு உறுத்தலாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சரியாகப் பதினான்கு நாள் கழித்து அவர் பிளேன் ஏறினார்.

பினுவின் குப்பி இன்னும் எங்கள் அலமாரியில், கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால், சீல் உடையாமல் இருக்கிறது. வீட்டில் ஊறுகாய்ப் புட்டியோ பிஸ்கட் டப்பாவோ திறக்கப்போனால் ஷைனி மூடியைப் பிடித்துக்கொண்டு, "பத்துப் பேரு ஆயாச்சா? ஆகாம திறக்க மாட்டேன்" என்பாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையை அவள்தான் சொல்வாள்; செருப்பைக் காலால் தள்ளுவதை நடித்தும் காட்டுவாள். போதகருக்கு உண்மை தெரிந்து வெகுநாளாகிறது. ஆனாலும் என்னைக் காணும்போதெல்லாம் "ஸ்டீபன் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்குவார்.

ஸ்டீபன் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார், போகிறார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாங்கள் போக முடியாது. முன்பெல்லாம் அவர் உள்ளே நுழைந்ததும் அழுகையை மறைக்க விறுவிறுவென்று காருக்கு நடந்துவிடுவேன். இப்போது அவர் கதவருகில் பெட்டி வண்டியை நிறுத்திவிட்டு, காவலர் முறைக்க முறைக்க, சத்தமாகத் திரும்பிச் சொல்கிறார்:

"என் இடத்தைப் பிடிச்சு வையுங்க டீச்சர், நான் போயிட்டு வாறேன்."

ஷைனி சிரிக்கிறாள். நான் கண்ணாடியில் மூக்கு முட்ட, அவர் முதுகு மறைந்த பிறகும் அங்கேயே நிற்கிறேன்.